ஒரு முழ அரச மரம்

2024 செப்டம்பர் 11, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். எங்கள் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் வருகிற நாள் என்பதால் முதலில் மோட்டாரைப் போட்டேன். பால் காய்ச்சி, எலுமிச்சைச் சாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, இரண்டு டப்பாக்களில் கட்டினேன். ஒன்று போக்குவரத்து டெப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவருக்கு, ஒன்று எனக்கு. துணிகளைத் துவைத்து வாளியில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். துணியைக் கொடியில் போட்டுவிட்டு அரச மரத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

மரம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். அதன் உயரம் ஒரு முழம். அகலமான சிமெண்டுத் தட்டில் நிற்கிறது. நடுத்தண்டில் ஒரு மஞ்சள் கயிறு.

மண்ணுக்குள் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம். சாதாரண ஈரம் இல்லை, சொதசொதவென்று இருந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடவில்லை. மழையும் இல்லை. இலைகள் நேற்றைவிடக் குறைந்திருந்தன. ஆனால் தட்டைச் சுற்றித் தரையில் ஒரு சருகுகூடக் கிடக்கவில்லை. ஒரு வாரமாகவே இப்படித்தான். இலை உதிர்கிறது, உதிர்ந்த இலை இல்லை. ஆடிக் காற்றென்றால் அள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம். இப்போது காற்றும் கிடையாது.

பயந்தேன். பேய் பிசாசை நினைத்து இல்லை. கீழ் வீட்டில் இருக்கும் பெண்ணை நினைத்து.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லவேண்டும். திருக்கோகர்ணத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் மாடிச் சுவரில், மழைநீர்க் குழாய்க்குப் பக்கத்து வெடிப்பில், போன வருஷத் தொடக்கத்தில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. விட்டால் சுவரைப் பிளந்துவிடும். பூச்சு வேலைக்கு வந்த கொத்தனாரிடம் பிடுங்கச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அரசங்கன்னை நான் புடுங்க மாட்டேங்க. நீங்க புடுங்கி அங்கிட்டு வச்சிருங்க, அப்பறம் நான் பூசித் தாரேன்."

நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். இதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெடிப்பில் நனைந்த சாக்கைச் செருகிவைத்து, மறுநாள் மெதுவாக இழுத்தேன். வேரோடு வந்தது. வந்த பிறகு தூக்கிப் போட எனக்கும் மனசு வரவில்லை. பழைய பெயின்ட் வாளியில், காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டு, நட்டுவைத்தேன்.

பிறகு கைப்பேசியில் தேட ஆரம்பித்தேன். போன்சாய் என்ற சொல்லை அதற்கு முன்னால் நான் கண்காட்சிப் படங்களில் மட்டும் பார்த்திருந்தேன். முதல் வருஷம் வாளியிலேயே விட்டு அடித்தண்டைப் பருக்கவிட வேண்டும், பிறகு கம்பி சுற்றி வளைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் வேரைக் கழித்துத் தட்டுக்கு மாற்ற வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். மின்விசிறிக்குக் காயில் கட்டும் கடையிலிருந்து கணவர் செம்புக் கம்பி வாங்கி வந்தார். தோட்டத்து மண் ஆகாது, இறுகிவிடும் என்பதால் செங்கல்லை உடைத்து, சல்லடையில் தூளைக் கழித்துவிட்டு, மணலோடும் மக்கிய எருவோடும் கலந்தேன். கடுகு அளவு ஒரு பக்கம், மிளகு அளவு ஒரு பக்கம் என்று பிரித்துவைத்தேன்.

"மாத்திரை எண்ணிக் குடுக்குறவ செங்கல்லையும் எண்ணாம விட மாட்டா" என்றார் கணவர்.

எங்களுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அந்தப் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது. கணவன் குவைத்தில் ஓட்டுநர். கல்யாணமாகி ஆறு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் அவன் வருவான். குழந்தை இல்லை என்று மாமியார் அவளைக் குளத்தங்கரை அரச மரத்தைச் சுற்றச் சொல்லியிருந்தார். அவளும் சனிக்கிழமைதோறும் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ள மரத்தைச் சுத்துனா மட்டும் போதுமா? அவன் பிளைட்டு ஏறி வரணும்ல" என்பார் என் கணவர், அவள் காதில் விழாமல்.

இந்த வருஷம் பங்குனியில் ஒருநாள் துணி காயப்போட வந்தவள் வாளியில் இருந்த அரசைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். திரும்பிக் கீழே போனாள். ஏதோ மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மாடிப்படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, தலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு மறுபடி வந்தாள்.

"அக்கா, நான் இதைச் சுத்திக்கிரவா?"

"இது நான் வெட்டி வளக்குறதும்மா. சாமி மரம் இல்ல."

"அரசு அரசுதானேக்கா. குளத்தங்கரைல ஒரே பைக்கா நிக்கிது. பயலுக பாக்குறாய்ங்க."

வாளியை ஒரு பிளாஸ்டிக் முக்காலி மேல் தூக்கி வைத்தேன். அவள் சுற்றினாள். கடைசியில் முந்தானையில் முடிந்துவைத்திருந்த மஞ்சள் கயிற்றைத் தண்டில் கட்டினாள். அன்றிலிருந்து அவள் செருப்போடு மாடிக்கு வந்ததில்லை. சித்திரையில் அவள் கணவன் வந்தான். வைகாசிக் கடைசியில் அவன் திரும்பிப் போகும்போது அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

என்னிடம் ஓடிவந்து சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளை அணைத்துக்கொண்டிருக்கும்போதே, இனி இந்தக் கன்று என்னுடையது இல்லை என்று தோன்றியது. போன்சாய் வளர்க்க ஆரம்பிக்கிறவர்கள் முதல் மரத்தைக் கட்டாயம் கொல்வார்கள் என்று ஒரு காணொளியில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

ஆடியில் மசக்கை அதிகமாகி அவள் கடலோர மீமிசலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து நான் வேரைக் கழித்தேன். அவள் கண் முன்னால் அதைச் செய்யும் துணிச்சல் எனக்கு இல்லை. வாளியைக் கவிழ்த்து, வேர்ப்பந்தை ஈர்க்குச்சியால் பிரித்து, மூன்றில் ஒரு பங்கை வெட்டி, சிமெண்டுத் தட்டில் வைத்துக் கட்டினேன். செம்புக் கம்பி தண்டை அழுத்த ஆரம்பித்திருந்தது. துண்டு துண்டாக நறுக்கி எடுத்துவிட்டேன். மஞ்சள் கயிறும் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. கட்டியபோது ஒரு விரல் போகிற இடைவெளி இருந்தது. தண்டு பருத்து, இப்போது நகம்கூடப் போகவில்லை. முடிச்சு மஞ்சளில் ஊறி உப்பிப்போயிருந்தது, அவிழ்க்க வரவில்லை. கத்தரிக்கோலைப் பக்கத்தில் கொண்டுபோனேன். கொண்டுபோய்விட்டு எடுத்துவிட்டேன். கம்பியை வெட்டிய கை கயிற்றை வெட்டவில்லை.

மீன் வாடை குடலைப் பிரட்டுகிறது என்று அவள் ஒரே வாரத்தில் திரும்பிவிட்டாள். மரத்தைத் தட்டில் பார்த்ததும், "அழகா இருக்குக்கா, சிம்மாசனத்துல வச்ச மாதிரி" என்றாள். ஆவணித் தொடக்கத்தில் எடுத்த ஸ்கேனில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் கீழே இறங்கி இருப்பதாகச் சொன்னார்கள். படி ஏறக்கூடாது, பளு தூக்கக்கூடாது, மூன்று வாரம் கழித்து மறுபடி வரவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வயிறு வளர வளர அது தானே மேலே போய்விடும். சிலருக்குப் போகாது. போகாதவர்களுக்கு என்ன நேரும் என்று பார்க்கிற இடத்தில் நான் வேலை செய்கிறேன்.

அன்று சாயங்காலம் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "இனிமே மாடிப் பக்கமே வரக்கூடாது. மரத்தை நான் பாத்துக்கிறேன்."

"நல்லா இருக்காக்கா?"

"அது ஜம்முனு இருக்கு."

அப்போதே அடியிலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. மரம் பட்டுப்போனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். மரம் பட்டுப்போனதைப் பார்த்தால் அவளுக்கு என்ன ஆகும் என்றுதான் தெரியாது. தினமும் நான் வேலை விட்டு வந்ததும் கேட்பாள், தினமும் அதையே சொன்னேன். மரத்தைக் கீழே இறக்கி அவள் வாசலில் வைத்துவிட்டிருந்தால் அவளுக்குப் படியேற வேண்டிய எண்ணமே வந்திருக்காது. ஆனால் வாசலில் வைத்தால் பார்த்துவிடுவாள்.

அந்தப் புதன்கிழமை நுனிக்கிளையின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன். உயிருள்ள கிளையென்றால் உள்ளே பச்சை தெரியும். பழுப்பாக இருந்தது. கொஞ்சம் கீழே கீறினேன். பழுப்பு. கயிற்றுக்கு நான்கு விரல் மேலே கீறியபோதுதான் பச்சை வந்தது. மேலிருந்து சாவு இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் வியாழக்கிழமை அவளுக்கு ஸ்கேன்.

கீழே வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இதுக்கா இப்படி வெளிறிப்போயி நிக்கிற? வேற ஒரு கன்னைப் புடுங்கிட்டு வந்து நடு. கயித்தை மாத்திக் கட்டு. அவ மேல வரப்போறதில்ல. பாத்தாலும் எலைக்கு எலை அடையாளமா வச்சிருக்கா?" என்றார்.

"கயிறு அவுராதுங்க."

"அப்ப புதுசா ஒரு கயிறு வாங்கு. நம்ம டெப்போல பழைய வண்டிக்கு என்னென்ன மாத்திப் போட்டிருக்கோம், ஒரு பயணியாவது கண்டுபிடிச்சிருக்கானா?"

ஏமாற்று வேலை என்று அவரைத் திட்டிவிட்டு விராலிமலைப் பேருந்தில் ஏறினேன். எங்கள் சுகாதார நிலையம் அந்தப் பாதையில் பாதி வழியில் இருக்கிறது. புதன்கிழமை தடுப்பூசி நாள்; கைக்குழந்தைக்காரிகளோடு கர்ப்பிணிகளும் வருவார்கள். இரும்புச்சத்து மாத்திரைகளை அட்டை அட்டையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் நீண்ட ஒவ்வொரு கையும் அவள் கையாகத் தெரிந்தது. ஒரு பெண், "என்னங்க, எனக்கு ரெண்டு தடவை குடுத்துட்டீங்க" என்று ஓர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். என் இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒன்று நடந்ததில்லை.

மதியம் கூட்டம் குறைந்ததும் தலைவலி என்று மருத்துவரிடம் சொல்லி அரை நாள் விடுப்பு எடுத்தேன். வெளியே வரும்போது தண்ணீர்த் தொட்டியின் பின்சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு அரசங்கன்று நின்றது. தினமும் பார்க்கிற கன்றுதான். யாரும் இல்லையா என்று பார்த்தேன். பிடுங்கினேன். வேரில் ஈரத் துணியைச் சுற்றி, மடக்கி, காலி சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து மூடினேன். கணவரைத் திட்டிய வாயோடு பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு மஞ்சள் கயிறும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி இருக்கும். தெருவில் ஆள் இல்லை. கேட்டைத் திறந்ததும் என் கண்ணில் பட்டது செருப்பு. மாடிப்படிக்குக் கீழே, ஒன்றோடொன்று ஒட்டி, ஒழுங்காகக் கழற்றிவைத்த அவளுடைய நீலச் செருப்பு.

படியைப் பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் தண்ணீர் சிந்தி, காய்ந்தும் காயாமலும் இருந்தது.

கத்திக் கூப்பிட நினைத்தேன். கூப்பிட்டால் பதறி வேகமாக இறங்குவாள் என்று வாயை மூடிக்கொண்டேன். பையைக் கீழே போட்டுவிட்டு ஏறினேன். அந்தப் படிகளை நான் எத்தனையோ வருஷமாக ஏறுகிறேன். அன்றைக்குப் போல அவை நீண்டதில்லை. ஏறும்போதே அடுத்த படியில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் சிந்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

அவள் மாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை குழாயைப் பிடித்திருந்தது. பக்கத்தில் காலிக் குடம். முகம் வேர்த்து, உதடு வெளுத்திருந்தது.

"ரத்தம் எதுவும் படுதா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா."

"வயிறு இழுத்துப் பிடிக்கிதா?"

"இல்லக்கா. தலைதான் சுத்துச்சு. அதான் ஒக்காந்துட்டேன். நீங்க என்ன இந்நேரம் வந்துட்டீங்க?"

நாடியைப் பிடித்தேன். அவள் நாடியை எண்ணுகிறேனா, என் விரலில் அடிப்பதை எண்ணுகிறேனா என்று தெரியவில்லை. சேலையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

"படி ஏறாதன்னு சொன்னேனா இல்லையா? கொடத்தைத் தூக்கிட்டு ஏறிருக்க. ஒனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"நீங்க ஜம்முனு இருக்குன்னு சொன்னீங்க" என்றாள். "போன வாரம் வாசல் முத்தத்துல துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். மேலருந்து ஒரு எலை வந்து மடியில விழுந்துச்சு. மஞ்சளா. நுனி வால் மாதிரி நீளமா. இந்தத் தெருவுல வேற எங்கக்கா அரசு இருக்கு?"

குடத்தை அவளிடமிருந்து தள்ளி வைத்தேன்.

"வந்து பாத்தேன். எலையெல்லாம் கொட்டிக் கெடந்துச்சு. நீங்க வேலைக்குப் போற அவசரத்துல தண்ணி ஊத்த மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். ஒங்கள்ட்ட கேட்டா மனசு கஷ்டப்படுவீங்க. அதான் நீங்க போனதும் நான் ஊத்துவேன். எளநியும் ஊத்துனேன்க்கா, ரெண்டு நாளு."

"கீழ கொட்டுன எலை?"

"நீங்க பாத்தா பயந்துருவீங்கன்னு பொறுக்கிட்டேன். குப்பைல போட மனசு வரல. அரிசி டப்பால வச்சிருக்கேன்."

நான் அவள் பார்க்கக்கூடாது என்று மரத்தை மாடியில் வைத்திருந்தேன். நான் பார்க்கக்கூடாது என்று அவள் சருகைப் பொறுக்கியிருந்தாள். நடுவில் அந்த ஒரு முழ மரம் தண்ணீரில் மூழ்கிச் செத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அதிகமாகித்தான் வேர் அழுகுகிறது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொன்னால், நானே கொன்றுவிட்டேன் என்பாள். அந்த நேரத்தில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ரெண்டு பேரும் சேந்து ஊத்தி ஊத்தி அழுக வச்சுட்டோம்" என்றேன். சனிக்கிழமையிலிருந்து நான் ஊற்றவில்லை என்பதை விட்டுவிட்டேன்.

அவள் மரத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள். "செத்துருச்சாக்கா?"

"இல்ல. கீழ உசுரு இருக்கு. காலைல பாத்தேன்."

படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் உட்காரவைத்து, அவளைக் கீழே கொண்டுவந்தேன். பாயில் இடப்பக்கமாகப் படுக்கவைத்தேன். மறுநாள் ஸ்கேன் பார்க்க இருந்த மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ரத்தமோ வலியோ இல்லையென்றால் படுத்திருக்கட்டும், எதுவும் மாறினால் உடனே கூட்டிவாருங்கள் என்றார். அதன் பிறகு அவள் ஒவ்வொரு முறை புரண்டு படுக்கும்போதும் என்ன என்று கேட்டேன்.

ஆறு மணிக்குக் கணவர் வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நான் போட்டுவிட்டு ஓடிய பையை எடுத்துக்கொண்டு என் குரல் கேட்டு நேராகக் கீழ் வீட்டுக்கே வந்தார். கழுவப் போடலாம் என்று டப்பாவைத் திறந்தார்.

"என்னடி இது, மத்தியானச் சாப்பாட்டுல மிச்சமா?"

அவர் கையில் துவண்டுபோன அரசங்கன்று. டப்பாவோடு வந்த புது மஞ்சள் கயிறு தரையில் விழுந்தது. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். "நான் பைப்படில கை கழுவிட்டு வாரேன்" என்று நழுவிவிட்டார்.

அவள் கயிற்றையும் கன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாத்தி வைக்கப் பாத்தீங்களாக்கா?"

"ஆமா."

சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள்.

"இத்தினிக்கூண்டு கன்னைக் கொண்டாந்து வச்சா எனக்குத் தெரியாதா? அதுக்குக் கழுத்துல கெடக்குற தழும்பு எனக்குத் தெரியும்க்கா. தெனம் பாத்துருக்கேன்."

கயிறு அழுத்துவது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அவிழ்க்க அவளும் பயந்திருக்கிறாள்.

மீதி உண்மையைச் சொன்னேன். தட்டிலிருந்து எடுக்க வேண்டும். அழுகின வேரை வெட்ட வேண்டும். பட்டுப்போன நுனியையும் வெட்ட வேண்டும். கயிற்றை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே தண்டு நெரிந்துபோகும். எல்லாம் செய்தாலும் பிழைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் இதுவரை ஒரு மரத்தையும் பிழைக்கவைத்ததில்லை; இதுதான் என் முதல் மரம். "ஸ்கேன் முடிஞ்சு வந்து பண்ணிக்குவோம். அதுவரைக்கும் நீ நெனைக்காத."

"இல்லக்கா. முன்னாடியே பண்ணிருங்க. இதை நெனச்சுக்கிட்டே நான் அங்க போயிப் படுக்க மாட்டேன்."

"அப்பறம் ஸ்கேன்ல டாக்டர் ஏதாவது சொன்னா?"

இதை நான் கேட்டிருக்கக்கூடாது. என் பயம் வாய்வழியாக வந்துவிட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னா, பழியை ஒங்க மேல போட மாட்டேன்" என்றாள்.

அன்றிரவு அவள் வீட்டிலேயே படுத்தேன். தூங்கினேன் என்று எழுதமாட்டேன்.

மறுநாள் காலை, வாசல் தெளிப்பதற்கும் பால் காய்ச்சுவதற்கும் முன்னால், நானும் கணவரும் மரத்தைத் தட்டோடு இறக்கி அவள் வாசலில் வைத்தோம். விரித்த சாக்கில் உலர்ந்த செங்கல் சல்லியைக் கொட்டினேன். கத்தரிக்கோலை வெந்நீரில் போட்டு எடுத்துத் துடைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, குனியாமல், ஒரு கையால் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கயிற்றுக்கும் தண்டுக்கும் நடுவில் கத்தரி நுழையவில்லை. கணவர் ஒரு சின்ன ஊசியால் இழை இழையாகத் தூக்கிக் கொடுத்தார். முதல் தடவை கத்தரி நழுவிவிட்டது. இரண்டாவது தடவை கயிறு அறுந்தது. அது இருந்த இடத்தில் வெளிறிய ஒரு பள்ளம், தண்டைச் சுற்றி.

அவள் மரத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு கையை வயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக் காத்திருந்தாள். நானும் கணவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ம், வெட்டுங்கக்கா" என்றாள்.

நான் தட்டைச் சாய்த்து வேரை வெளியே எடுத்தேன்.